மழையில் நனைந்ததால்தான் முத்து இறந்ததா?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு மூன்று. ஏழு மாதத்துக்கு முன் என் கணவர் சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமைக்குட்டி ஒன்றை வாங்கி வந்தார். மகள் அதற்கு முத்து என்று பெயர் வைத்தாள். பின்கட்டு அடுப்படியில் பிளாஸ்டிக் தொட்டியில் மரத்தூள் பரப்பி வைத்திருந்தோம். காலை வெயில் கண்ணாடி சன்னல் வழியாகத் தொட்டிமேல் விழும். கங்குங் கீரையும் தக்காளியும்தான் தீனி, சில நாள் செம்பனை ஓரத்துப் புல். 'இது பாலைவன ஆமை, தண்ணீரில் விடவே கூடாது' என்று விற்றவர் சொன்னதால் குளிப்பாட்டியதே இல்லை. கடைசி மூன்று வாரம் அதிகம் தூங்கியது. கண்ணைப் பாதிதான் திறந்தது. கையில் எடுத்தால் லேசாக இருந்தது, ஓட்டைத் தொட்டால் கொஞ்சம் அமுங்கியது. சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாகக் கழித்தது. மழைக்காலச் சோம்பல் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு மாலை மகள் அதை வாசலில் விட்டு மறந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் மழையில் கிடந்தது. திங்கள் காலை நடந்தது, ஓர் இலையைக் கடித்தது. செவ்வாய் காலை தலையை வெளியே நீட்டியபடி அசையாமல் கிடந்தது. சாயங்காலம் வேலியோரம் ஓரடி ஆழத்தில் புதைத்தோம்; அதற்குள் வாடை வந்துவிட்டது. மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் மழையில விட்டதாலதானேம்மா செத்துச்சு?" என்று தினமும் கேட்கிறாள். ஒருவேளை உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று எனக்கும் தூக்கம் வரவில்லை. மாமியார், ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார். கணவர், இந்தச் சனிக்கிழமையே வேறொன்று வாங்கிவிடலாம் என்கிறார். மகளோ, கொஞ்ச நாள் கழித்துத் தோண்டி ஓட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைதான் பதிலுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கிறாள். மழை முத்துவைக் கொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பல வாரம் முன்பே அது நோயாளி ஆகிவிட்டது.

உங்கள் ஊரில் மாலை மழை பெய்தால் வெப்பம் 24, 25 டிகிரிக்கு இறங்கும். ஆரோக்கியமான ஏழு மாதக் குட்டி இரண்டு மணி நேரம் அதில் நனைந்தால் குளிர்ந்து போகும், மந்தமாகும். துடைத்து, சூடான இடத்தில் வைத்தால் தேறிவிடும். மழையில் நனைவதால் வரும் ஆபத்து நுரையீரல் சளி. அது ஆமையைக் கொல்ல நாட்கள் ஆகும், பெரும்பாலும் வாரங்கள் ஆகும். மூக்கில் குமிழி வரும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கும். இவை எதையும் நீங்கள் சொல்லவில்லை. தேங்கிய நீரில் முழுகியிருந்தால் கதை வேறு. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, சாணளவு நீரிலேயே மூழ்கிவிடும். ஆனால் முத்து திங்கள் காலை நடந்திருக்கிறது, தின்றிருக்கிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்புக்கு அந்தக் குளிர் ஒரு கூடுதல் பாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் அந்த மழையின்மேல் பழி போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் எதனால் இறந்தது? உடற்கூறு பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் உங்கள் கடிதத்தில் நான்கு தடயங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

அமுங்கிய ஓடு முதல் தடயம். ஆமை ஓடு நகத்தைப் போல மேலே ஒட்டிய பொருள் இல்லை, அது எலும்பு. பிறந்த சில வாரங்களில் அது கொஞ்சம் நெகிழ்வாக இருப்பது இயல்பு. ஏழு மாதத்தில் விரலுக்கு அமுங்கினால், எலும்பில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இறங்கவில்லை என்று பொருள். சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் படும்போதுதான் ஆமைக்கு அது உருவாகும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் உள்ளே வரும், மருந்தான பகுதி மட்டும் வெளியே நின்றுவிடும். தினமும் வெயில் காட்டியதாக நீங்கள் நினைத்தீர்கள். முத்துவைப் பொறுத்தவரை அது ஏழு மாதமும் நிழலில்தான் இருந்தது.

இரண்டாவது தடயம் தீனி. கங்குங் கீரையில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வழியாக வெளியே இழுத்துப் போய்விடும். தக்காளியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் இரண்டு மடங்குக்கு மேல். வளரும் ஆமைக்கு நேர்மாறாக வேண்டும்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்காவது. எப்போதோ ஒருமுறை கங்குங் கொடுத்தால் கெடுதல் இல்லை. அதுவே அன்றாடச் சோறு ஆனபோது, உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி இரத்தத்துக்குக் கொடுத்திருக்கும். அதுவும் போதாத நாளில் தசை தளரும், கடைசியில் இதயமும் தளரும்.

மூன்றாவது, சுண்ணாம்புக் கட்டி போன்ற கழிவு. அது யூரேட். ஆமைச் சிறுநீரின் கெட்டிப் பகுதி. தண்ணீர் போதுமான ஆமைக்கு அது நீர்த்த தயிர் போல இருக்கும். பற்பசை போலக் கெட்டியானால் நீர் குறைகிறது, கட்டியாகவோ மணலாகவோ வந்தால் சிறுநீரகம் ஏற்கெனவே திணறுகிறது. நான்காவது, கையில் லேசாக இருந்தது. கைக்கு ஆமை எப்போதும் அதன் அளவைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிய வேண்டும், ஈரமான கல்லைத் தூக்குவது போல. வெறும் கூடு போல இருந்தால் நீரும் சதையும் வற்றிவிட்டன.

விற்றவர் சொன்ன 'பாலைவன ஆமை' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையால் சாகும் குட்டிகள் ஏராளம். சுல்காட்டா, சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள சாகெல் புல்வெளியைச் சேர்ந்தது. அங்கே வறட்சி உண்மை. ஆனால் குட்டிகள் மழைக்காலத்தை ஒட்டித்தான் முட்டையிலிருந்து வெளிவரும். சுற்றிலும் பச்சைப் புல், ஈர மண். வறண்ட மாதங்களில் பெரிய ஆமைகளும் ஆழமான வளைக்குள் போய்விடும். வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். மரத்தூளின்மேல், தண்ணீரே இல்லாமல் ஒரு குட்டி வளர்வது ஆப்பிரிக்காவிலும் நடக்காத காரியம். உலர வைத்து வளர்க்கச் சொல்லும் பழைய அறிவுரை பல நாடுகளில் அச்சாகி, பல ஆண்டு நல்லது என்றே நம்பப்பட்டது. விற்றவர் அதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார். பொரித்த முதல் வாரங்களிலேயே தண்ணீர் காட்டாமல் வைக்கப்பட்ட குட்டிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாங்கியவர் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சில மாதத்தில் இறந்துவிடுவதையும் வளர்ப்பாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முத்து உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அந்த நிலையில் இருந்திருக்கலாம்.

செம்பனை ஓரத்துப் புல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் நான் யோசித்தேன். தோட்டத்தில் மரத்தைச் சுற்றி வட்டமாகவும் நடைபாதையிலும் புல் மருந்து அடிப்பார்கள். பாராகுவாட் 2020 சனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது பரவலாக அடிப்பது கிளைபோசேட். அதை அடித்த புல் உடனே கருகாது. சுமார் ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும். பார்த்தால் நல்ல புல், உள்ளே மருந்து. எலிக்கு வைக்கும் வண்ணக் கட்டிகளும் ஆபத்து, பளிச்சென்ற நிறம் எதையும் ஆமை கடித்துப் பார்க்கும். ஆனால் முத்துவின் மூன்று வாரத் தளர்ச்சியும் இளகிய ஓடும் நஞ்சின் குணம் இல்லை. ஆகவே அதைக் காரணமாக நான் எடுக்கவில்லை. தோட்டத்து வீடுகளில் ஆமையோ முயலோ வளர்ப்பவர்கள் மருந்தடிக்கும் நாட்களைத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு வாசலில் நீங்களே வளர்த்த புல்லையும் செம்பருத்தி இலையையும் கொடுப்பது அதைவிட நல்லது.

மூன்று வாரம் கண்ணெதிரே நடந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று இப்போது நீங்கள் நினைப்பீர்கள். ஆமை நோயை மறைக்கும் விலங்கு. காட்டில் தளர்ச்சியைக் காட்டினால் உடனே இரையாகிவிடும், அதனால் உடம்பில் கடைசித் துளி வலு இருக்கும்வரை நடக்கும், தின்னும். திங்கள் காலை கடித்த அந்த இலை அப்படிப்பட்டதுதான். அதன் உடம்பு எல்லாவற்றையும் மெதுவாகச் செய்கிறது, நோய்ப்படுவதும் மெதுவாகத்தான். ஆகவே ஆமைக்குட்டி 'திடீரென்று' செத்தது என்று சொல்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரு மாதக் கதை இருக்கும். மழைக்காலத்தில் விலங்குகள் மந்தமாவது உண்மை என்பதால், நீங்கள் சோம்பல் என்று நினைத்தது அறியாமை இல்லை, நியாயமான ஊகம். அது தவறிப்போனது.

உயிரோடு புதைத்துவிட்டோமோ என்ற பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். குளிர் நாடுகளில் சில வகை ஆமைகள் மாதக்கணக்கில் உறங்கும், பார்த்தால் பிணம் போலவே இருக்கும். இந்தப் பயம் அங்கிருந்து வந்தது. சுல்காட்டா அப்படி உறங்கும் இனம் இல்லை. பேராக் சமவெளியின் இரவும் அதற்குரிய குளிர் இல்லை. உயிருள்ள ஆமை, எவ்வளவு தளர்ந்தாலும், தலையைத் தொங்கவிட்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்து சாயங்காலம் வாடை வீசாது. வாடை வந்தபோது முத்து போய்ப் பல மணி நேரம் ஆகிவிட்டது.

வேறு யாருக்காவது இந்தச் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இது: நனைத்த பஞ்சுக் குச்சியால் கண்ணின் கருமணியை மெல்லத் தொடுங்கள். பின்னங்காலை இழுத்து, அது திரும்ப இழுக்கிறதா என்று பாருங்கள். வால் அடியில் தொடுங்கள். மூன்றுக்கும் அசைவில்லை என்றாலும் உடனே புதைக்க வேண்டாம். ஊர்வனவற்றுக்கு மற்றவை நின்ற பிறகும் இதயம் சில நேரம் துடித்துக்கொண்டிருக்கும், அதைக் கேட்க மருத்துவரிடம் டாப்ளர் கருவி உண்டு. போக முடியாவிட்டால் எறும்பு ஏறாத நிழலில், மூடி போட்டு ஒரு பகல் வைத்துப் பாருங்கள்.

இறப்பின் காரணம் தெரிய வேண்டும் என்பவர்கள், இறந்தது உறுதியானதும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், 4 டிகிரி அளவில் வைக்க வேண்டும். உறைய வைக்கும் மேல் அறையில் வைக்கக் கூடாது. உறைந்தால் உயிரணுக்கள் வெடித்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. உணவுப் பொருளோடு சேராமல் மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோவது நல்லது. தொட்டியில் கிடந்த மரத்தூளிலும் கழிவிலும் ஒரு கைப்பிடி, கடைசியாகத் தின்றது எது என்ற குறிப்பு, தொட்டியின் படம் எல்லாம் உதவும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் பக்கத்தில் ஈப்போதான் தேட வேண்டிய இடம். கால்நடை மருத்துவத் துறையின் ஆய்வுக் கழகமும் ஈப்போவில்தான் இருக்கிறது. மாவட்டக் கால்நடை அலுவலகம் மூலம் அங்கே அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். சிலாங்கூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை உண்டு. முத்துவுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. நம் ஈர மண்ணில் சில நாள் கிடந்த உடலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே காரணம் தேடித் தோண்ட வேண்டாம்.

இனி மகள். பத்து வயதுப் பிள்ளைக்கு இறந்தது திரும்ப வராது என்று தெரியும். 'தூங்குகிறது', 'சாமிகிட்ட விளையாடப் போயிருக்கு' என்ற சொற்கள் அவளுக்குப் பொருந்தாது. அவள் கேட்பது ஆறுதல் இல்லை, காரணம். காரணம் கிடைக்காத பிள்ளை தானே ஒன்றைச் செய்துகொள்ளும், பெரும்பாலும் தன்னையே அதில் நிறுத்திக்கொள்ளும். மழையைப் பற்றித் தினமும் கேட்கிறாள் என்றால் அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

அவளிடம் 'நீ ஒண்ணும் பண்ணலடா' என்று மட்டும் சொல்லாதீர்கள். மறந்தது அவளுக்குத் தெரியும். அதை இல்லையென்று சொன்னால், அம்மா நம்மைச் சமாதானப்படுத்துகிறார் என்று உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்பமாட்டாள். மறந்தது உண்மை, மறந்ததால் செத்தது உண்மை இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்: "நீ மறந்துட்ட, அது நடந்ததுதான். ஆனா டாக்டர்கிட்ட எழுதிக் கேட்டேன். முத்துவுக்கு ரொம்ப நாளாவே எலும்புல சத்து இல்ல, உடம்புல தண்ணி இல்ல. ஓடு அமுங்குச்சுல்ல, அதுதான். நீ மழையில விடாம இருந்திருந்தாலும் அது பிழைச்சிருக்காதுன்னுதான் தெரியுது. அதுக்கு என்ன வேணும்னு பெரியவங்க நாங்கதான் விசாரிச்சிருக்கணும். எங்களுக்குத் தெரியல." அந்தக் கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். சுமை பத்து வயதுத் தோளிலிருந்து இறங்கப் பெரியவர் தோள் ஒன்று வேண்டும். அதற்காக அவள் எதிரில் நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ளவும் கூடாது. அப்புறம் அவள் உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவாள்.

ஒரே தடவையில் முடியாது. அதே கேள்வியைப் பத்து முறை கேட்பாள், பத்து முறையும் அதே பதிலை அதே பொறுமையோடு சொல்லுங்கள். வார்த்தை மாறினால் சந்தேகம் வரும். அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். 'ஒரு ஆமைக்கு இவ்வளவா' என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு மாதம் தினமும் காலை எழுந்ததும் அவள் முதலில் போய்ப் பார்த்த உயிர் அது. காலையில் அந்த நேரம்தான் இப்போது அவளுக்குக் கனமாக இருக்கும். ஆகவே அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு வேறு வேலை கொடுங்கள்: வாசல் செடிக்கு நீர் ஊற்றுவது, தம்பிக்குத் தலை வாருவது, எதுவானாலும் சரி. சாப்பாட்டை வற்புறுத்த வேண்டாம். சிறிது சிறிதாக, அவளுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வரி சொல்லிவையுங்கள், 'ஏன் கவனமில்லை' என்று கண்டிக்காமல் இருப்பார்.

துக்கம் இரண்டு மூன்று வாரத்தில் அலையலையாகக் குறையும். ஒரு மாதத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ அரசாங்க கிளினிக் மருத்துவரையோ பாருங்கள். தானும் செத்துப்போகலாம் என்பது போல் ஒரு வார்த்தை வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணில் இரவிலும் பேசலாம்.

மூன்று வயது மகனிடம் 'முத்து செத்துப்போச்சு, இனிமே மூச்சு விடாது, வராது' என்ற சிறிய வாக்கியமே போதும். அவன் விளையாடப் போய்விட்டு, நாளைக்கு முத்து எங்கே என்பான். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள்.

அவன் விஷயத்தில் வேறொன்றும் இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள். ஆமை நலமாகத் தோன்றினாலும் அதன் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை அது கடுமையாகத் தாக்கும். 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்பதற்கு விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1975இல் தடை போட்டதே, சிறு பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்து நோயுற்றதால்தான். உங்கள் தொட்டி அடுப்படியில் இருந்திருக்கிறது. மரத்தூளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரமாகச் செடிக்குப் போட வேண்டாம். தொட்டியைப் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவாமல் வெளியே கொண்டுபோய், முதலில் சோப்பு நீரால் அழுக்கு போகத் தேயுங்கள். பிறகு 1 பங்கு குளோராக்சுக்கு (துணி வெளுக்கும் திரவம்) 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டு, அலசி, வெயிலில் காயவையுங்கள். அழுக்கு இருக்கும்போதே குளோராக்ஸ் ஊற்றினால் கிருமி சாகாது, அதனால் இந்த வரிசை முக்கியம். தொட்டி இருந்த தரையையும் அப்படியே துடையுங்கள். வரும் ஒரு வாரத்தில் மகனுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் கிளினிக்கில் 'வீட்டில் ஆமை இருந்தது' என்று மறக்காமல் சொல்லுங்கள்.

மாமியார் சொன்ன பழமொழியில் ஆமையோடு அமீனாவும் வருவார். கடனுக்கு வீட்டைச் சப்தி செய்ய வரும் நீதிமன்றச் சேவகர். அந்தக் காலத்துக் குடும்பங்களின் பயம் அதில் இருக்கிறது, அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை மகள் காதில் விழும்படி சொல்லும்போது, ஆமையை ஆசையாக வளர்த்தவளே வீட்டுக்குக் கேடு கொண்டுவந்தவள் என்று அந்தக் குழந்தை புரிந்துகொள்வாள். இதை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் தனியாக, மரியாதையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதைவிட அது நன்றாக எடுபடும். தடுப்பதோடு நிற்காமல் அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். பாற்கடல் கடையும்போது மந்தர மலையை முதுகில் தாங்கிய கூர்மாவதாரக் கதையைப் பேத்திக்கு அவர் வாயால் சொல்லட்டும்.

சனிக்கிழமை வேறொன்று வாங்குவது வேண்டாம். உங்கள் கணவர் மகள் முகம் பார்க்கச் சகிக்காமல் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் முத்துவின் இடத்தில் உடனே இன்னொன்றை வைத்தால், செத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொன்னதாகிவிடும். புதியதும் அதே தொட்டியில் அதே வழியில் நோயுறும். குறைந்தது அடுத்த பள்ளி விடுமுறைவரை பொறுங்கள்.

பொறுத்த பிறகும், சுல்காட்டா மட்டும் வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. கலாபகசு, அல்டாப்ரா தீவுகளின் ஆமைகளுக்கு அடுத்து உலகில் பெரிய நில ஆமை அது. வளர்ந்தால் 40, 50 கிலோ. வேலியை முட்டித் தள்ளும், சுவருக்கடியில் வளை தோண்டும், எழுபது ஆண்டுக்கு மேலும் வாழும். உங்கள் மகளின் பேரப்பிள்ளைகள்வரை பார்க்கக்கூடிய ஒரு விலங்கைத் தோட்டத்து வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள முடியாது. இந்திய நட்சத்திர ஆமை அழகானது, சிறியது என்று யாராவது காட்டினால் அதையும் தொடாதீர்கள். 2019 முதல் அது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தில், பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்ட முதல் பட்டியலில் இருக்கிறது. செம்பனைக்குள்ளோ காட்டோரத்திலோ கிடைக்கும் நம் நாட்டு ஆமைகளைத் தூக்கி வருவதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கலாகும். எந்த வகையானாலும் உரிமம் வேண்டுமா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஆமைக்குட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், இன்றிரவே பார்க்க வேண்டியவை சில. மரத்தூளை எடுத்துவிட்டு 7 முதல் 10 செண்டிமீட்டர் கனத்துக்குத் தேங்காய் நார்த்தூளைப் பரப்புங்கள். கையில் பிழிந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. ஈரம் வேண்டும், குளிர்ந்த ஈரம் கூடாது. அதனால் இரவிலும் தொட்டி 26 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பகலில் ஒரு மூலை மட்டும் 33, 34 டிகிரி இருக்கட்டும். தினமும் 20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில், மேலோடும் கீழோடும் சேரும் வரம்புவரை மட்டும் நிற்கவிடுங்கள்; குடிக்கும், கழிக்கும், பக்கத்தை விட்டு நகராதீர்கள். காலை 10 மணிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நேர் வெயில், பாதி நிழலோடு, காக்கையும் உடும்பும் எட்டாதபடி கம்பி வலைக்குள். பிளாஸ்டிக் தொட்டியோடு நடுப்பகல் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். குட்டி புரண்டு கவிழ்ந்து கிடந்தால் நுரையீரலின்மேல் குடல் அழுத்தும், அப்படி இறப்பவை நிறைய. தீனியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புல்லும் இலையும்: செம்பருத்தி, மல்பெரி, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. அரளி, சேம்பு, ஆமணக்கு கிட்டவே வரக் கூடாது. பறவைக் கடையில் விற்கும் கணவாய் ஓட்டை ஒரு மூலையில் போட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை கிராம் தராசில் நிறுத்து எழுதுங்கள். வளரும் குட்டியின் எடை இரண்டு வாரம் ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் போக வேண்டும், கண் மூடும்வரை காத்திருக்க வேண்டாம்.

மகளுக்கு ஆமை பார்க்கும் ஆசை திரும்ப வந்தால், அதற்கு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பேராக்கிலேயே போத்தா கானானில் ஆற்று ஆமைகளுக்கான பாதுகாப்பு மையம் இருக்கிறது, தூந்தோங் என்று மலாயில் சொல்லும் ஆமை. போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அவள் தயாராகும்போது போங்கள், நீங்களாக இழுத்துப் போக வேண்டாம்.

கடைசியாக, ஓட்டைத் தோண்டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவளிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பெரிய ஆமையின் ஓடு முழுதாக நிற்கும். குட்டியின் ஓடு இன்னும் ஒன்றோடொன்று சேராத சின்னச் சின்ன எலும்புத் தட்டுகள், முத்துவுடையதோ அதிலும் இளகியது. மண்ணில் சில மாதத்தில் பிரிந்து உதிர்ந்துவிடும். அவள் நினைக்கும் ஓடு அங்கே இருக்காது. அவளாக ஒரு நாள் தோண்டிப் பார்த்து அதிர்ச்சியடைவதைவிட, உங்களிடமிருந்து இதைக் கேட்பது நல்லது. ஓரடி ஆழம் நாய்க்கும் உடும்புக்கும் எட்டும். மேலே இன்னும் ஓரடி மண் கொட்டி, மிதித்து இறுக்கி, ஒரு தட்டைக் கல் வையுங்கள். பெயரை அவளே எழுதட்டும். எண்ணெய் வண்ணத்தில் எழுதச் சொல்லுங்கள், நீர் வண்ணம் ஒரு மழைக்குத் தாங்காது.